பிறவி மஞ்சள்

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தது மெஸ்ஸில், சாம்பார் வாளிக்கு முன்னால். எனக்குக் கவிதை வராது என்றேன். "கவிதை நாப்பது வந்தாச்சு. அம்மாவைப் பத்தி இருபது, நிலாவைப் பத்தி இருபது. நீ வேற எதையாவது குடு" என்றான். பின்னால் தட்டோடு நின்ற எங்கள் கோஷ்டி ஒரே குரலில் கத்தியது: "தக்காளியைப் பத்தி எழுதச் சொல்லு!"

ஹாஸ்டலில் எனக்குப் பெயர் தக்காளி. ஜூனியர்கள் மரியாதையாக "தக்காளி அண்ணா" என்பார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பெயிண்ட் வாளிகளில் நான் வளர்க்கும் செடிகளைப் பார்த்துவிட்டு, "பழுக்காத காயைப் பறிச்சுத் தின்கிறான்" என்று ஒரு வதந்தியும் உண்டு. நண்பர்களே, அது பழுத்த பழம். அதன் நிறமே மஞ்சள். அந்த மஞ்சளால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது, ஒரு கடன் நின்றது, கடைசியில் இரண்டும் தீர்ந்தன. அதைத்தான் எழுதப்போகிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் பூமி, ஒரு கிணறு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குத் தக்காளிதான். 2023 மே மாதம் இரண்டாவது செமஸ்டர் எழுதிவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். அறுபது பெட்டி செங்காய் பறித்து வைத்திருந்தோம். விலை கிடந்த கிடையில் அப்பா, ரெண்டு நாள் பொறுத்து அனுப்பலாமா என்று யோசித்தார். "தகரக் கொட்டகையில அடுக்கி வைங்கப்பா. சூட்டுக்கு ரெண்டு நாள்ல நல்லா செவந்துரும்" என்று யோசனை சொன்னது நான். இயற்பியலில் எண்பது மார்க் வாங்கிய திமிர். அடுக்கியதும் நானேதான்.

சிவக்கவில்லை. காமாலை கண்ட மாதிரி, மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திரும்பியது. மண்டியில் கமிஷன்காரர் ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார், திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டார். "மஞ்சள் அடிச்சிருக்குங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பக்கத்து லோடு பெட்டி நூற்றைம்பதுக்குப் போயிற்று, எங்களுடையது எழுபதுக்கு. பெட்டிக்குப் பதினாலு கிலோ. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கிலோ ஐந்து ரூபாய்! பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக அப்பா கையில் இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் பஸ் சார்ஜும் டீயும்.

அப்பா வீட்டுக்கு வரவில்லை. நேராக விதைக்கடையில் இறங்கினார். கடைக்காரர் அம்மாவுக்குத் தம்பி முறை, எனக்கு மாமா. "மாப்ளே, நீ குடுத்த விதை கோளாறு. பழம் செவக்கவே இல்லை" என்றார் அப்பா. மாமா, "மச்சான், இதே விதையை இருபது பேருக்குக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். வார்த்தை தடித்தது. கடையில் எங்களுக்கு உரம், மருந்து, விதை எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் பாக்கி. "அந்தப் பணத்தை மறந்துரு" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே வந்தார். மூன்றாம் நாள் டிராக்டரை விட்டு, காய்ப்பில் இருந்த செடியை அப்படியே உழுதார். பிறகு ஜூலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகமிருக்கும். கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கமே அறுபது ரூபாய்க்குத் தக்காளி விற்றது. எங்கள் வீட்டில் அந்த மாதம் யாரும் நியூஸ் போடவில்லை. மாமா வீட்டுக் காதுகுத்துக்கு அம்மா மட்டும் போய்விட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார்.

அந்த ஆவணியில் அறைத் தோழன் ஒருவன் விதைத் திருவிழாவுக்கு இழுத்துப் போனான். அவன் அம்மா மாடித்தோட்டம் போடுகிறவர், கத்தரி விதை வாங்கி வரச் சொல்லியிருந்தார். கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம். ஒரு மேஜையில் தட்டுத் தட்டாக மஞ்சள் தக்காளி, ஆரஞ்சுத் தக்காளி! கையில் பை வைத்த அக்காமார் முண்டியடித்து விதைப் பொட்டலம் வாங்குகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எந்த நிறத்துக்காக எங்கள் லோடைப் பாதி விலைக்குத் தள்ளினார்களோ, அதே நிறத்துக்கு இங்கே பொட்டலம் இருபது ரூபாய். வீம்புக்கு மூன்று வாங்கினேன். ஒன்று பேரிக்காய் வடிவத்தில் விரல் நீள மஞ்சள். இரண்டாவது கையளவு பெரிய ஆரஞ்சு. மூன்றாவது ஆரஞ்சு செர்ரி, கோலிக்குண்டு அளவு. மூன்றிலும் 'பாரம்பரிய ரகம்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது.

வாங்கின பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், சிவப்புதான் தக்காளி என்று நாம் நினைப்பதே பிற்பாடு வந்த வழக்கம்போல் தெரிகிறது! தென் அமெரிக்க மலைப்பகுதியில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, ஸ்பெயின்காரர்கள் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போன செடி இது. 1544-இல் இத்தாலியில் மத்தியோலி என்ற வைத்தியர் இதைப் பற்றி எழுதும்போது, ஒரு புதுவகைக் கத்தரிக்காய் வந்திருக்கிறது, பழுத்தால் ரத்தச் சிவப்பாகவோ பொன்னிறமாகவோ ஆகிறது என்கிறார். பத்து வருஷம் கழித்து அவரே வைத்த பெயர், தங்க ஆப்பிள். இன்றைக்கும் இத்தாலிக்காரன் தக்காளியைப் 'பொமோதோரோ' என்றுதான் சொல்கிறான், அதே அர்த்தம்தான். மஞ்சளை ஒதுக்கும் மண்டிக்காரர்களுக்கு யாராவது இதைச் சொன்னால் தேவலை.

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் இந்த ரகங்களைப் பிள்ளை மாதிரி காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஒஹையோவில் லிவிங்ஸ்டன் என்பவரின் விதைக் கம்பெனி 1882-இல் 'கோல்டன் குவீன்' என்ற மஞ்சள் ரகத்தை வெளியிட்டது. 'கெல்லாக்ஸ் பிரேக்ஃபாஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. கார்ன்ஃபிளேக்ஸ் கம்பெனி என்று நினைத்து விடாதீர்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மிச்சிகனில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் குடும்பப் பெயர் அது. ஒரு பழம் அரைக் கிலோவைத் தொடும், உள்ளே வெளியே எங்கும் ஆரஞ்சு. ஓக்லஹாமாவில் டாக்டர் வைச் என்று ஒரு பல் டாக்டர். அவருக்கு ஒரு சர்க்கஸ் கம்பெனியிலும் பங்கு இருந்தது. யானைச் சாணத்தைத் தோட்டத்துக்கு எருவாகப் போட்டவர்! அவர் காப்பாற்றிக் கொடுத்த மஞ்சள் தக்காளிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பல் பிடுங்கியதை இன்றைக்கு யார் நினைக்கிறார்கள்?

இந்த மாதிரி விதைகளைப் பரிமாறிக்கொள்ள 1975-இல் ஓர் இளம் தம்பதியர், டயான் – கென்ட் வீலி, ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். டயானின் தாத்தா, தன் முன்னோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு தக்காளி விதையையும் ஒரு பூங்கொடி விதையையும் அவர்களிடம் கொடுத்துவிட்டுக் காலமானார். அந்தக் கைப்பிடியில் தொடங்கிய சங்கம்தான் இன்றைக்கு அயோவா மாநிலத்தில் பெரிய விதைப் பண்டகமாக இருக்கும் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்'. நம் பக்கமும் இதற்கு ஈடாகச் சொல்ல ஒன்று உண்டு. நிறம் சிவப்புதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தேனிக்குப் பக்கத்து அன்னஞ்சி ஊரின் நாட்டுத் தக்காளியை எடுத்து, அதிலிருந்து பெரியகுளத்தில் உண்டாக்கியதுதான் பி.கே.எம்.-1. காம்போரம் பச்சைத் தோளோடு தட்டையாக இருக்குமே, அதுதான்.

சரி, செடிக்கு வருவோம். ஆவணிக் கடைசியில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, டீ குடித்த பேப்பர் கப்பில் விதைத்தேன். ஒரு மாத நாற்றை இருபது லிட்டர் பெயிண்ட் வாளிக்கு மாற்றினேன். அடியில் டிரில் போட்ட ஓட்டை. (ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் இதைப் படித்தால், ட்ரில் பிட் உடைந்தது என்னால் அல்ல.) செம்மண், மணல், மக்கிய எரு. பாதிச் செடி ஹாஸ்டலில், பாதி எங்கள் வீட்டு மாடியில் அம்மா பொறுப்பில். பேரி ரகம் செடியல்ல, கொடி! என் உயரத்தைத் தாண்டிப் போனது. வெல்டிங் ஷாப் ஸ்கிராப் கம்பியில் பந்தல் போட்டுத்தான் நிறுத்தினேன். வளர வளர இலைக்கக்கத்தில் வரும் பக்கக் கிளையைக் கிள்ளவேண்டும், இல்லாவிட்டால் காடுதான். தண்ணீரை ஒருநாள் கொட்டி ஒருநாள் மறந்தால் காயின் அடி கறுத்து அழுகும். அது நோய் அல்ல, கால்சியம் காய்க்குப் போய்ச் சேராத குறை. மருந்து தேடி ஓடாமல் தண்ணீரை ஒரே சீராக விட்டாலே போதும்.

பெரிய ஆரஞ்சு என்னை அழவைத்தது. பூக்கும், உதிரும். தக்காளிப் பூவுக்கு ராத்திரி சூடு ஆகாது. இருபத்து மூன்று, இருபத்து நாலு டிகிரிக்குமேல் ராத்திரி புழுங்கினால் பூ காய் பிடிக்கச் சிரமப்படும், பகலில் முப்பத்தைந்தை நெருங்கினால் கேட்கவே வேண்டாம். பெரிய பழ ரகங்களுக்கு இந்தக் கஷ்டம் அதிகம். குளிர்ந்த ராத்திரி உள்ள நாட்டில் பிறந்ததை நம் மொட்டை மாடியில் வைத்தால் அது என்ன செய்யும்? மார்கழியில்தான் இரக்கப்பட்டு ஐந்து காய் பிடித்தது. ஆகவே தோழர்களே, நம் ஊரில் தொடங்குகிறவர்கள் சின்னப் பழ ரகமாகப் பாருங்கள். பெரியது ஆசைக்கு ஒன்று, அதுவும் மார்கழி தையில் காய்க்கிற கணக்கில் விதைத்தால்.

மஞ்சள் எப்போது பழுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் கேட்கிற கேள்வி. வெளிர் எலுமிச்சை நிறத்தில் இருக்கும்போது பறித்தால் சப்பென்று இருக்கும். பொன் நிறமாக அடர்ந்து, லேசாக அமுக்கினால் விரலுக்கு இடம் கொடுக்கவேண்டும். தை மாதம் முதல் பழத்தை வாயில் போட்டபோது எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. தக்காளிக்குப் பழவாசனை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும்! மஞ்சளில் புளிப்புக் குறைவு, வயிற்றுக்கு நல்லது என்று திருவிழாவில் ஒருவர் சொன்னார். அப்படி மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. அமிலம் ரகத்துக்கு ரகம் மாறும், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை கொஞ்சம் கூடினால் நாக்கு புளிப்பைக் கவனிப்பதில்லை. அம்மாவின் தீர்ப்பு வேறு. "ரசம் வச்சா மஞ்சத்தண்ணி மாதிரி இருக்கு கண்ணு. சட்னிக்கு நல்லாருக்கு." அப்பத்தா மட்டும் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டு திரிந்தார். அப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை. மாடிப் பக்கமே அவர் வரவில்லை. எனக்கும் அவரைக் கூப்பிடத் தைரியம் இல்லை.

விதை எடுப்பது சுலபம். நன்றாகக் கனிந்த பழத்தை டம்ளரில் பிதுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூன்று நாள் அப்படியே வைக்கவேண்டும். நாறும். மேலே பூஞ்சை ஆடை கட்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு அப்போதுதான் கழன்று போகும், நல்ல விதை அடியில் தங்கும். அலசி, தட்டில் பரப்பி, நிழலில் உலர்த்தவேண்டும். பேப்பரில் உலர்த்தாதீர்கள், ஒட்டிக்கொண்டு வரவே வராது. (நான் முதலில் உலர்த்தியது அப்ளைடு மெக்கானிக்ஸ் நோட்டில். இரண்டு விதை இன்றும் ஃப்ரிக்‌ஷன் பாடத்தில் இருக்கிறது.) தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆகவே விதை தாயைப் போலவே வரும்.

பேரி அப்படித்தான் வந்தது. செர்ரி கவிழ்த்துவிட்டது. மறுபடி விதைத்த ஒன்பது செடியில் ஒன்றின் பழம் மற்றதைப்போல இல்லை. ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று தோல் தடித்துப் புளி, இரண்டு காய்ப்பதற்கே யோசித்தன. அந்தப் பழைய தேன் சுவை எதிலுமே இல்லை. காரணம், அது பாரம்பரிய ரகமே இல்லை, எஃப்-1 ஒட்டுரகம். இரண்டு தனித்தனிப் பெற்றோரைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை அது. அதன் விதையைப் போட்டால் பேரன் பேத்திகள் ஆளுக்கொரு ஜாடையில் வரும். ஆரஞ்சு செர்ரியில் உலகப் புகழ் பெற்ற 'சன்கோல்ட்' கூட இந்த வகைதான், ஜப்பானிய டொகிட்டா கம்பெனி 1992-இல் கொண்டுவந்தது. ருசிக்கு அதை அடிக்க ஆளில்லை என்கிறார்கள், ஆனால் வருஷா வருஷம் விதையைக் கடையில்தான் வாங்கவேண்டும். ஸ்கெட்ச் பேனாவில் 'பாரம்பரியம்' என்று எழுதிவிட்டால் ஆகிவிடுமா? இருபது ரூபாய் போனது பெரிதல்ல, ஆறு மாசம் போயிற்று.

இந்தக் கடுப்பில், நிறம் எங்கிருந்துதான் வருகிறது என்று போனில் தேடி உட்கார்ந்தேன். நம் பாஷையில் சொல்கிறேன். பழத்துக்குள் ஓர் அசெம்ப்ளி லைன் ஓடுகிறது. முதல் மெஷின் நிறமில்லாத மூலப்பொருளைச் செய்து தள்ளும். அடுத்தடுத்த மெஷின்கள் அதை மாற்றி மாற்றி, கடைசியில் லைக்கோபீன் என்ற சிவப்புச் சாயமாக்கும். அதற்கும் மேலே போனால் பீட்டா கரோட்டின், கேரட்டில் இருப்பது. மஞ்சள் பேரி போன்ற ரகங்களில் முதல் மெஷினே பிறவியிலேயே ரிப்பேர். லைனில் சரக்கே வராது, சிவப்புக்கு வழியில்லை. சில ஆரஞ்சு ரகங்களில் முதல் மெஷின் சரி, கடைசிக்கு முன்னால் ஒரு ஃபினிஷிங் மெஷின் இல்லை. அங்கே சரக்கு புரோலைக்கோபீன் என்ற ஆரஞ்சு நிறத்தில் தேங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த அரைகுறைச் சரக்கைத்தான் நம் உடம்பு சிவப்பைவிடச் சுலபமாக உறிஞ்சிக்கொள்கிறது என்று 2015-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் வந்திருக்கிறது. இன்னும் சில ரகங்களில் சிவப்பை உடனே பீட்டா கரோட்டினாக மாற்ற ஒரு மெஷின் கூடுதல்.

அந்தப் பக்கத்தின் கீழே இன்னொரு வரி இருந்தது. சிவப்பு ரகமாகவே இருந்தாலும், பழுக்கும்போது சூடு முப்பது டிகிரியை ரொம்பத் தாண்டினால் லைக்கோபீன் லைன் நின்றுவிடும், கரோட்டின் மட்டும் ஓடும், பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நிற்கும்.

பஸ்ஸில் படித்தேன். இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். தகரக் கொட்டகை. மே மாதம். ரெண்டு நாள்ல செவந்துரும்ப்பா.

உடனே ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். சொன்னால் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். மாமாவின் விதை நல்ல விதை என்பது ஒன்று. லோடைக் கெடுத்தது யார் என்பது மற்றொன்று. போனில் படித்தேன் என்றால் அப்பா நம்பமாட்டார் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அந்தச் சாக்கே ஒரு வழியையும் காட்டியது. லேபில் என்ன செய்வோம்? ஸ்பெசிமன் வைப்போம், ரீடிங் எடுப்போம்.

2024 மே மாதம், அந்தக் கொடுமையான வெயிலில், கெமிஸ்ட்ரி லேபில் கேட்டு வாங்கிய தெர்மாமீட்டரோடு ஊருக்குப் போனேன். பெரியப்பா தோட்டத்தில் அதே கம்பெனி, அதே சிவப்பு ஒட்டுரகம். ஒரே செடி வரிசையில் இருபத்து நாலு செங்காய் பறித்தேன். எட்டு, ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள், அடுப்படி மூலையில். எட்டு, உள்வீட்டுப் பரண்மேல். எட்டு, தகரக் கொட்டகையில், அன்றைக்கு அடுக்கிய அதே இடத்தில். ஒவ்வொன்றோடும் மாடியில் காய்த்த மஞ்சள் பேரி மும்மூன்று. காலை, மதியம், ராத்திரி ரீடிங். பானைக்குள் இருபத்தைந்திலிருந்து இருபத்தேழு. பரணில் முப்பது, முப்பத்தொன்று. தகரத்துக்கடியில் மதியம் நாற்பதைத் தொட்டது. நாலாம் நாள் பானையில் எட்டுக்கு ஆறுதான் இருந்தது. அப்பத்தா ரசத்துக்கு எடுத்துவிட்டார். ரெக்கார்டில் 'லாஸ்' என்று எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மூன்று தட்டைத் திண்ணையில் வரிசையாக வைத்தேன். பானையில் இருந்தவை கண்ணைப் பறிக்கும் சிவப்பு. பரணில் இருந்தவை ஆரஞ்சு கலந்த சிவப்பு. கொட்டகையில் இருந்தவை, மண்டியில் பெட்டிக்குள் திரும்ப விழுந்ததே, அதே நிறம். பேரி மூன்று தட்டிலும் ஒரே மஞ்சள். அது பிறவி மஞ்சள், எங்கே வைத்தாலும் அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாவிட்டால், இதுவும் விதைக் கோளாறு என்று அப்பா ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார்.

அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். கொட்டகைப் பழம் ஒன்றை எடுத்துக் கையாலேயே பிட்டார்.

"இது பெரியப்பன் தோட்டத்துக் காயா?"

"ஆமாப்பா. எல்லாம் ஒரே நாள் பறிச்சது."

"அப்ப விதையில ஒண்ணுமில்ல."

"இல்லப்பா. சூடு." அப்புறம் எப்படியோ சொல்லிவிட்டேன். "கொட்டகையில வைக்கச் சொன்னது நான்தான்ப்பா."

அப்பா பதில் சொல்லவில்லை. பேரி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இரண்டாவது ஒன்றும் போட்டார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது, "செடியிலயே வெயில் ஏறியிருக்கும்டா. இலையெல்லாம் காஞ்சு காய் வெளிய தெரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்றார். எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படியா, இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. செடியில் இருக்கும்போதே காய்மேல் நேர்வெயில் விழுந்தாலும் இதே மாதிரி ஆகும் என்பது மட்டும் உண்மை.

பதினோராயிரம் அன்றைக்கு வீட்டில் இல்லை. சோளத்தட்டு விற்று ஐந்தாயிரம், சீட்டுப் பணத்தில் மீதி. ஜூன் கடைசியில் அப்பா டி.வி.எஸ்.-ஐ எடுத்தார். என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். அம்மா ஒரு மஞ்சள் பை கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கடையில் மாமா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பணத்தை மேஜைமேல் வைத்து, "எண்ணிக்க மாப்ளே" என்றார். மாமா எண்ணவில்லை. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் பையை நீட்டினேன். மாமா பிரித்து உள்ளே பார்த்தார், அப்பா முகத்தைப் பார்த்தார்.

"என்ன மச்சான், மறுபடியும் மஞ்சளா?"

கடைப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஏழு வாளி இருக்கிறது. நாலு பேரி, ஒரு பெரிய ஆரஞ்சு, இரண்டு வாளியில் பி.கே.எம். ஏப்ரலோடு நான் போய்விடுவேன், தண்ணீர் ஊற்ற இரண்டாம் ஆண்டில் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். விதை வேண்டுகிறவர்கள் சாயங்காலம் ஹாஸ்டல் பதினாலாம் நம்பர் அறைக்கு வரலாம். ஈரமில்லாத சின்ன பாட்டில் ஒன்று கொண்டு வாருங்கள், மேலே ரகத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதி ஒட்டித்தான் தருவேன். ஆரஞ்சு செர்ரி மட்டும் கேட்காதீர்கள்.